வைஸ் கட்டை

வியாழக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஆசீர்வாதம் படுக்கவில்லை. குளித்தான். பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கருவாட்டைத் தொட்டுக்கொண்டு தின்றான். வண்டியை எடுத்துக்கொண்டு எளாவூர் பக்கம் லோகுவின் கடைக்குப் போனான்.

தூறிக்கொண்டிருந்தது. செக் போஸ்டுக்கு இந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. லோகு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான். கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்கும் மரப் பேலட்டுகளை எடுத்துப் பிரித்து விற்பது அவன் தொழில். ஒரே தெரு, ஒரே சர்ச்.

"வா பிரதர். நைட்டு முடிச்சிட்டு தூங்காம இங்க இன்னா வேல?"

ஒரு சாண் நீளம், நாலு விரல் கனம், முடிச்சு இல்லாத கட்டை நாலு வேண்டும் என்றான் ஆசீர்வாதம். லோகு எதற்கு என்று கேட்டான். வைசில் ஒரு சாமானைப் பிடிக்க வேண்டும், இரும்புத் தாடை அதன்மேல் படக்கூடாது என்றான்.

"கீபோர்டா?"

ஆசீர்வாதம் தலையாட்டினான்.

ஆறு மாதமாக அவன் மகள் ஷைனி ஒரு நீளமான கறுப்புப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு நடக்கிறாள். சர்ச்சுக்கு வாசிக்கக் கீபோர்டு பழகுகிறாள் என்று தெருவே முடிவு செய்திருந்தது. வீட்டில் யாரும் மறுக்கவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்று கோச் சொல்லியிருந்தார்.

"ஆறு மாசமா பொட்டி தூக்கிக்கினு போவுது அந்தப் பொண்ணு," என்றான் லோகு. "கிறிஸ்மஸ் வரப்போவுது. ஒரு பாட்டு காதுல வுழல. கத்துக்குதா, இல்ல காத்து வாங்கிக்கினு வருதா?"

"கத்துக்குது, கத்துக்குது."

இரண்டு குவியல் இருந்தது. ஒன்று எந்த நாட்டு மரமோ, சிவப்பாக, கனமாக. இன்னொன்று வெளுத்த பைன். ஆசீர்வாதம் ஓர் ஆணியை எடுத்து இரண்டிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். சிவப்பில் இறங்கவில்லை. பைனில் முனை இறங்கியது. பைனை எடுத்துக்கொண்டான்.

"பிரதர், நல்ல கட்டைய வுட்டுட்டு சப்பைய எடுக்கற."

"மெத்துன்னு இருக்கணும்."

ஆசீர்வாதம் ரூபாயை எடுத்தான். "டப்பு வாணாம். கிறிஸ்மஸுக்குக் கேக்கு குடு. ஒரு பாட்டும் போடச் சொல்லு."

பெட்டிக்குள் இருந்தது பத்து மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிள். காற்றுத் துப்பாக்கி. கவரைப்பேட்டைப் பக்கத்துக் காலேஜின் சொத்து. ஷைனி அங்கே இரண்டாம் வருடம் பி.காம். பெண்களுக்கு என்று காலேஜில் இரண்டு ரைஃபிள் இருந்தது, ஒன்று நல்லது, ஒன்று பழையது. யார் அதிகம் அடிக்கிறாளோ அவளுக்கு நல்லது. கோச் மோகன்ராஜின் சட்டம் அது. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் பத்து புள்ளி ஒன்பது. அறுபது குண்டில் ஷைனி அறுநூற்றுப் பன்னிரண்டு அடித்த அன்று நல்லது அவளிடம் வந்தது. பழையது இளமதியிடம் போனது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகவும் கோச் அனுமதி கொடுத்தார்.

பிறகு ஸ்கோர் இறங்கியது. ஐநூற்றுத் தொண்ணூற்றெட்டு. அறுநூற்றொன்று. ஐநூற்றுத் தொண்ணூற்றைந்து. மூன்று வாரம்.

சனிக்கிழமை யுனிவர்சிட்டி அணிக்குத் தேர்வு. அவள் காலேஜிலேயே. மற்றக் காலேஜ்களையும் சேர்த்து ஏழு பெண்களில் நாலு பேர். கீழே போனால் அணியும் இல்லை, திங்கட்கிழமை முதல் பெட்டியும் இல்லை.

ஷைனி டீயை விட்டாள். டீ குடித்தால் நாடி துடிக்கும், கை ஆடும் என்று யாரோ சொன்னார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, குண்டு போடாத ரைஃபிளைத் தூக்கிச் சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டைப் பார்த்து அரை மணி நேரம் நின்றாள். கொழம்பில் காரம் வேண்டாம் என்றாள். அப்புறம் கொழம்பே வேண்டாம் என்றாள். செவ்வாய்க்கிழமை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து நின்று, "என் கை பூட்ச்சிம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரைஃபிளை யாரும் சந்தேகப்படவில்லை. அதற்குக் காரணம் மஞ்சள் கோடு.

ஆசீர்வாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் டை ஃபிட்டர். தகட்டை அடித்து வடிவாக்கும் கனத்த இரும்பு அச்சுகளைப் பொருத்துகிறவன். இருபத்துநாலு வருடம். மேரிக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி. வண்டி விளக்குகளுக்குப் பிளாஸ்டிக் கூடு மாட்டும் லைன். ஒன்பது வருடம். இரண்டு இடத்திலும் ஒரே வழக்கம். போல்ட்டை முடுக்கி முடித்தால் அதன் தலையில் ஆரம்பித்துப் பக்கத்து இரும்புவரை மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. நேராக இருந்தால் நகரவில்லை. கோடு போட்ட போல்ட்டில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து கறி வேகும் நேரத்தில் ஆசீர்வாதம் ரைஃபிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மரக்கட்டையோடு இரும்பைச் சேர்க்கும் இரண்டு ஸ்க்ரூ அடியில் இருந்தது. எல்-கீயைப் போட்டுப் பார்த்தான். விரலுக்கே கொஞ்சம் சுற்றியது. லூஸ் என்றான். கீயில் ஒரு சாண் பைப்பைச் சொருகி இரண்டையும் முடுக்கினான். சட்டைப் பையில் இருந்த மார்க்கரை எடுத்து இரண்டிலும் கோடு போட்டான். இனிமே பத்து வருசத்துக்கு அசையாது என்றான். ஷைனி சந்தோஷமாகப் பெட்டியை மூடினாள்.

ஸ்கோர் இறங்கிய முதல் நாள் அவள் செய்த முதல் வேலை செல்போன் வெளிச்சத்தில் கோட்டைப் பார்த்தது. நேராக இருந்தது. அடுத்த வாரம் மேரியும் பார்த்தாள். ஆசீர்வாதம் தினமும் பார்த்தான். கோடு நேராக இருந்தது. அப்படியென்றால் ரைஃபிள் சரி. அப்படியென்றால் வேறு ஏதோ சரியில்லை.

புதன்கிழமை மூன்றரை மணிக்கு மேரி கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தாள். நானூறு பீஸ் திரும்பி வந்துவிட்டது. அவள் லைனில் போனது. கூட்டின் மூலையில் ஸ்க்ரூ இறங்கும் இடம் விரிந்திருந்தது. முந்தின ஷிப்டில் யாரோ முடுக்கும் விசையை அளக்கும் டார்க் டிரைவரை அதிகமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அளவு வந்ததும் அது க்ளிக் என்று சத்தம் போடும். அதிகத்தில் வைத்தாலும் அதே க்ளிக்தான். இவர்கள் க்ளிக் கேட்டதும், சின்ன ஸ்க்ரூ என்பதால் கோட்டுக்குப் பதில் மஞ்சள் புள்ளி வைத்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"அத்தினியிலயும் மஞ்சப் புள்ளி கீது," என்றாள். "அத்தினியும் வாய் பொளந்துக்கினு கீது. எங்க சூப்பர்வைசரு புள்ளியக் காட்றான். நான் ஒடஞ்சத காட்றேன்."

ஆசீர்வாதம் சிரித்தான். மேரி சிரிக்கவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் நின்ற கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள்.

"ஷைனிப்பா. அந்த ஸ்க்ரூவ எவ்ளோ முடுக்கின?"

"எந்த ஸ்க்ரூ?"

"தெரியாத மாரி கேக்காத."

டைட்டாக இருக்கிறது, கோடு நகரவில்லை என்றான்.

"கோடு இன்னா சொல்லும்? நவுரலன்னு சொல்லும். சரியா கீதுன்னா சொல்லும்?"

இருபத்துநாலு வருடமாக ஸ்க்ரூ முடுக்குகிறவனுக்கு நீ சொல்லிக் கொடுக்கிறாயா என்று அவன் கேட்டான். மேரி முகம் கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"நீ முடுக்கினது டை. டை அழுவாது. இது மரம்."

அன்று இரவு ஷிப்டுக்கு எடுத்துப்போன டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. காலையில் முதல் ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து மேரி மோகன்ராஜுக்குப் போன் செய்தாள். அந்த ஸ்க்ரூவுக்கு டார்க் எவ்வளவு சார் என்று கேட்டாள். பெண்ணின் தாய் இப்படி ஒரு கேள்வி கேட்டு அவர் பார்த்ததில்லை. புத்தகத்தைத் தேடி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அஞ்சு நியூட்டன் மீட்டர். மேரி அதை அப்படியே புருஷனுக்கு அனுப்பினாள். கீழே எதுவும் எழுதவில்லை.

ஆசீர்வாதம் தினமும் முடுக்குகிற டை போல்ட்டுக்கு இருநூறு.

அதனால்தான் கட்டை.

வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் சரிவுக்கு அடியில் அவனுடைய மேஜையும் வைசும் இருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றினால் மரம் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ரைஃபிள் ஆடாமல் நிற்க வேண்டும். துப்பாக்கிக் குழாயை நேராக வைசில் பிடித்தால் தாடையின் பல் பதிந்துவிடும். துணி சுற்றிப் பிடித்தால் நழுவும், நழுவுகிறதே என்று இன்னும் இறுக்குவோம். இறுக்கியதெல்லாம் போதும்.

இரண்டு பைன் கட்டைகளைச் சேர்த்து வைத்தான். நடுவில் ஓர் அட்டையைக் கொடுத்தான். துளை போட்ட பிறகு அட்டையை எடுத்துவிட்டால் இரண்டு பாதிக்கும் இடையில் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளிதான் பிடி கொடுக்கும். கட்டைகளை வைசில் கடித்து நிறுத்தி, அட்டை தெரியும் கோட்டில் கை டிரில்லை வைத்தான். குழாயின் கனம் பதினாறு மில்லி. லெதர் ஒட்ட இடம் விட்டு இருபது மில்லி பிட்.

பாதி வரை நன்றாகப் போனது. பிறகு பிட் மெத்தென்ற பக்கத்தைத் தேடிப் போனது. மறுமுனையில் வெளியே வந்தபோது கோட்டைவிட்டு ஒரு விரல் தள்ளி வந்தது. ஆசீர்வாதம் அதைக் கையில் எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அடுப்புக்கு ஆகும் என்று ஓரமாகப் போட்டான்.

மழை வலுத்தது. ஆஸ்பெஸ்டாஸில் சத்தம் அதிகமானது. ஓடைக்கு அப்பால் பக்கத்து நிலத்தில் நடவுக்கு வந்த பெண்கள் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தார்கள். தூக்கம் கண்ணை இழுத்தது. ஆசீர்வாதம் தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான்.

இரண்டாவது ஜோடிக்கு இரண்டு முனையிலும் அளந்து புள்ளி குத்தினான். முதலில் ஆறு மில்லி பிட். இந்தப் பக்கத்தில் இருந்து பாதி, அந்தப் பக்கத்தில் இருந்து பாதி. நடுவில் இரண்டும் சந்திக்கும்போது டிரில்லின் சத்தம் மாறியது. அந்தச் சின்னத் துளையைப் பிடித்துக்கொண்டு பெரிய பிட் நேராகப் போனது. அட்டையை எடுத்தான். இரண்டு பாதியிலும் அரை வட்டம் சுத்தமாக இருந்தது. எமரி சீட்டை விரலில் சுற்றித் தேய்த்தான்.

கம்பெனியில் வருடத்துக்கு ஒரு ஜோடி சேஃப்டி ஷூ கொடுப்பார்கள். பழையவை பரணில் ஏழு ஜோடி கிடந்தன. அதில் ஒன்றின் நாக்கை அறுத்தான். மிருதுவான லெதர். ஈரத் துணியால் துடைத்து மண்ணில்லாமல் செய்தான். ஒரு மணல் போதும், குழாயில் கீறல் விழ. அரை வட்டங்களில் பசை தடவி லெதரை ஒட்டி, ஒரு பழைய கம்பியை உள்ளே வைத்து இறுக்கிக் காயவிட்டான். பிறகு அங்கேயே பாயைப் போட்டு இரண்டு மணி நேரம் தூங்கினான்.

மேரி வந்து காலால் பாயைத் தட்டினாள்.

"எந்திரி. ஆச்சா?"

அவன் கட்டையைக் காட்டினான். அவள் வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் கிடந்த முதல் ஜோடியையும் பார்த்தாள்.

"ஃபர்ஸ்ட்டு போட்டது கோணிக்கிச்சா?"

"மரம் ஈரம்."

"ஆமா, மரம்தான்."

இரண்டு நாளாக ஷைனி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் பெட்டியைத் திறந்தார்கள். காற்று சிலிண்டரைக் கழற்றி ஈரம் படாத இடத்தில் தனியாக வைத்தான். உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்தான். கட்டையின் இரண்டு பாதிக்கும் நடுவில் குழாயை வைத்து, கட்டையை வைசில் பிடித்தான். கைப்பிடியை இரண்டு விரலால் மட்டும் சுற்றினான். நின்றது. ரைஃபிளைப் பக்கவாட்டில் திருப்பி, அடியில் இருந்த இரண்டு ஸ்க்ரூவும் தன்னைப் பார்க்கும்படி வைத்தான். பின்கட்டைக்கு அடியில் அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தான். அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. லெதருக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு நூல்கூட நழுவவில்லை. இரண்டு நாளில் முதல்முறையாக அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

டயல் கேஜ் அவனுடைய சொந்தப் பொருள். பாரிமுனையில் வாங்கியது. மில்லியை நூறாகப் பிரித்துக் காட்டும் முள். காந்தக் காலை வைசில் ஒட்ட வைத்து, முனை மரத்தின் முன்பக்கத்தைத் தொடும்படி நிறுத்தினான். முள்ளைச் சுழியில் வைத்தான்.

மேரி எல்-கீயை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"பாப்பா வரட்டும்."

"அவ இத இப்பிடிப் பாத்தா பயந்துடுவா. நாம பாத்துட்டு சொல்லிக்கலாம்."

"வரட்டும். அவ கண்ணால பாக்கட்டும்."

மேரி கீயை மேஜையில் வைத்தாள். பிறகு உள்ளே போய் நாஷ்டாவுக்கு வைத்திருந்த மாவில் இரண்டு தோசை சுட்டுக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் நின்றுகொண்டே தின்றான்.

ஐந்தரை மணிக்கு ஷைனி வந்தாள். ரயில் தாமதம், மழை. துப்பட்டா நனைந்திருந்தது. பின்பக்கம் வெளிச்சம் எரிவதைப் பார்த்து வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நைனா. இன்னா பண்ற?"

"கிட்ட வா."

"சனிக்கெழம ட்ரையல் நைனா. அத இன்னாத்துக்கு வைசுல மாட்டின?"

"வந்து முள்ளப் பாரு. நான் ஸ்க்ரூவ லூஸ் பண்றேன். முள்ளு நின்னா ரைஃபிள் சரி. ஓடிச்சின்னா சரியில்ல."

அவள் வந்து டயலுக்கு நேராகக் குனிந்தாள். மேரி அவள் தலையைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தாள். அவள் விடு என்று சொல்லவில்லை.

ஆசீர்வாதம் பின் ஸ்க்ரூவில் கீயைப் போட்டான். சுற்றவில்லை. பைப்பைச் சொருகித்தான் அசைக்க முடிந்தது. படக் என்று விட்டது. மஞ்சள் கோடு இரண்டாக உடைந்தது.

முள் ஓடியது. பத்து, இருபது, முப்பது. நாற்பத்திரண்டில் நின்றது.

முன் ஸ்க்ரூ. முள் மறுபடி ஓடியது. இன்னும் இருபத்தாறு.

ஸ்க்ரூ இருந்த இடத்தில் மரம் வட்டமாக அமுங்கியிருந்தது. ஆசீர்வாதம் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தான்.

"மூணு வாரமா இரும்பு வளைஞ்சிக்கினு இருந்திருக்கு," என்றான். "ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு மாரி துள்ளும். நீ நேராத்தான் சுட்டுக்கினு இருந்த. இது உன் கை இல்ல பாப்பா. என் கை."

ஷைனி டயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரம், நைனா."

"ஆமா."

"நேத்து இளமதிகிட்ட சொல்ட்டேன். பொட்டிய நீயே வச்சிக்கோன்னு. திங்கக்கெழம வரிக்கும் எதுக்கு, இப்பவே எடுத்துக்கோன்னு. அவதான் வாணான்ட்டா."

ஆசீர்வாதம் கீயைத் துணியில் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஷைனி மேஜை ஓரத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மேரி குனிந்தாள். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்தாள்.

"ம்மா. டீ போடு. சக்கர தூக்கலா."

டீ வந்தது. மூன்று பேரும் குடித்தார்கள். ஷைனி இரண்டாவது டம்ளரும் கேட்டாள்.

இனி அஞ்சு நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லை. மேரியின் கம்பெனி டிரைவர் கேட்டைத் தாண்டாது. செக்யூரிட்டி டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்ப்பான். கையால் முடுக்குகிறேன் என்று சொல்ல ஆசீர்வாதத்துக்கு வாய் வரவில்லை.

மேரி தனக்கு ட்ரெய்னிங்கில் காட்டியதைச் சொன்னாள். கால் மீட்டர் கம்பியின் முனையில் இரண்டு கிலோவைத் தொங்கவிட்டால் அஞ்சு. கம்பி படுக்கையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"ரெண்டு கிலோ எது?" என்றான் ஆசீர்வாதம். "தராசு இல்ல."

ஷைனி எழுந்து உள்ளே போனாள். இரண்டு லிட்டர் கூல் டிரிங்க் பாட்டிலைக் கொண்டுவந்து தொட்டியில் முக்கினாள்.

"ரெண்டு லிட்டர் தண்ணி ரெண்டு கிலோதான நைனா."

எல்-கீயில் பைப்பைச் சொருகி, ஸ்க்ரூவின் நடுவில் இருந்து இருபத்தைந்து சென்டிமீட்டர் அளந்து அங்கே ஒரு வெட்டுக் குறி போட்டான். அவன் செய்ததெல்லாம் அதுவும், பின்கட்டையைப் பிடித்துக்கொண்டதும்தான். ரைஃபிள் பக்கவாட்டில் படுத்திருந்ததால் பாட்டில் நேராகக் கீழே தொங்க இடம் இருந்தது. பாட்டில் கழுத்தில் சணல் கட்டி ஷைனிதான் மாட்டினாள். பைப்பைப் படுக்கை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்து, மெதுவாகக் கையை எடுத்தாள். பாட்டில் தன் கனத்தில் இறங்கியது. பைப் படுக்கையைத் தாண்டிப் போனது. கழற்றி, மேலே வைத்து, மறுபடி விட்டாள். முன் ஸ்க்ரூ ஒருமுறை, பின் ஸ்க்ரூ ஒருமுறை என்று மாற்றி மாற்றி. ஐந்தாவது தடவை இரண்டு ஸ்க்ரூவிலும் பாட்டில் இறங்கி, படுக்கையில் நின்றது. லேசாக ஆடியது. அதற்குமேல் இறங்கவில்லை.

"இவ்ளோதானா?" என்றான் ஆசீர்வாதம்.

"இவ்ளோதான்," என்றாள் மேரி. "இதுக்குப் போயி பைப்பு போட்டுக்கினு நின்ன."

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மார்க்கரின் மூடியைத் திறந்தான்.

"கோடு வாணாம் நைனா," என்றாள் ஷைனி. "தெனம் நானே பாட்டில் மாட்டிப் பாத்துக்கறேன்."

அவன் மூடியைப் போட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காலேஜில் இருந்து அவள் போன் செய்தபோது ஆசீர்வாதம் தூக்கத்தில் எடுத்தான். பத்து குண்டும் இடது பக்கம் போகிறது என்றாள். அவனுக்குத் தூக்கம் கலைந்தது. பத்தும் ஒரே துளையில் போகிறது என்று அடுத்து சொன்னாள். ஒரே இடத்தில் போனால் குறி பார்க்கும் சைட்டைத் திருப்பிக்கொள்ளலாம். மூன்று வாரமாக அதுதான் இல்லாமல் இருந்தது. அவள் குரலில் பழைய வேகம் இருந்தது.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. மேரிக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த நானூறு பீஸையும் பிரித்து மாட்டுகிறார்கள். ஆசீர்வாதம் நைட் ஷிப்ட் முடிந்து நேராகக் கவரைப்பேட்டைக்கு வண்டியை விட்டான். கையில் மஞ்சள் பை. உள்ளே கட்டை, கீ, பைப், காலி பாட்டில். எடுத்துக்கொண்டு வா என்று ஷைனி சொல்லியிருந்தாள்.

சுடும் ரேஞ்சுக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தான். உள்ளே இருந்து சத்தம் வந்தது. வெடிச் சத்தம் இல்லை. யாரோ கடலையை உடைப்பது மாதிரி. எது தன் மகளுடையது என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தான். தெரியவில்லை. சிப்காட்டில் மூன்று பிரஸ் ஒரே நேரத்தில் அடித்தாலும் எது சரியில்லை என்று சொல்லிவிடுவான். இது வேறு.

பத்து மணிக்கு மேரி டீ பிரேக்கில் போன் செய்தாள். முடியவில்லை என்றான். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னான்.

"பையப் பத்தரமா வச்சிக்கினியா?"

"மடியில கீது."

"நீ உள்ள போயி எதுவும் தொடாத," என்று சொல்லி வைத்தாள்.

பதினொன்றேகாலுக்குச் சத்தம் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கனத்த ஜாக்கெட்டில் பொம்மை மாதிரி நடந்தார்கள். ஷைனி ஐந்தாவதாக வந்தாள். அவள் முகத்தில் இருந்து அவனால் எதுவும் படிக்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

ஜாக்கெட் பக்கிளைக் கழற்றிக்கொண்டே வந்தாள். தண்ணீர் கேட்டாள். பையில் இருப்பது காலி பாட்டில்தான் என்றான். அவள் குழாயில் போய்க் குடித்துவிட்டு வந்தாள்.

"அறுநூத்திப் பதிமூணு புள்ளி நாலு," என்றாள்.

அவன் பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"எத்தினாவது?"

"ரெண்டாவது. டீம்ல கீறேன். பொட்டியும் என்கிட்டதான்."

"இளமதி?"

"அஞ்சாவது. ஒரு பாயிண்டுல போச்சி." அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். இளமதி பழைய ரைஃபிளை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். "நாலாவது பொண்ணுக்கும் அவளுக்கும் அடுத்த வாரம் திரும்ப ஒரு தபா வக்கிறாரு சாரு. அவ ரைஃபிளோட ஸ்க்ரூவ அஞ்சு வருசமா யாரும் பாத்ததே இல்லியாம். நான் கட்டையப் பத்தி சொன்னேன். உள்ள ஒர்க்ஷாப்ல வைசு கீதாம். ஒன்ன வரச் சொல்றாரு."

"என்னையா?"

"கட்டைய மாட்டித் தரணும். நீ புடிச்சிக்கோ. ஸ்க்ரூ நான் பாத்துக்கறேன்."

பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் மறுபடியும் குழாய்க்குப் போனாள். இளமதி எழுந்து நின்று இவனைப் பார்த்து, "வாங்க அங்கிள்," என்றாள்.

ஆசீர்வாதம் பையில் இருந்து கட்டையை எடுத்தான். லெதரில் மண் ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். சட்டைப் பையில் இருந்த மார்க்கரை உருவி வண்டியின் டேங்க் கவருக்குள் வைத்து ஜிப்பை மூடினான். பிறகு உள்ளே போனான்.